நூர்சியா நகர் புனித ஆசீர்வாதப்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசீர்வாதப்பர், பெனடிக்ட் இருவரும் ஒருவர்தானா?

ஒருவரே. 'பெனெதிக்துஸ்' என்ற லத்தீன் பெயருக்கு 'ஆசி பெற்றவர்' என்று பொருள். அந்தப் பொருளை அப்படியே வைத்து அமைந்த தமிழ்ப் பெயர்தான் ஆசீர்வாதப்பர். ஆசீர்வாதம் என்று பெயர் வைத்திருப்பவர்கள் நம் பங்குகளில் நிறையப் பேர் உண்டு.

வேறு சில பெனடிக்டுகளோடு இவரைக் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. அனியான் நகர் பெனடிக்ட் 821இல் இறந்தவர்; நம் ஆசீர்வாதப்பர் மடங்களுக்காக எழுதிய 'ஒழுங்கு' நூலைப் பரப்பியவர். பெனடிக்ட் யோசேப்பு லாப்ரே 18ஆம் நூற்றாண்டில் பிச்சையெடுத்துத் திருத்தலங்களுக்கு நடந்த பிரெஞ்சுப் புனிதர். இங்கே பேசுவது இத்தாலியின் நூர்சியாவில் பிறந்து, மோந்தே கசீனோ மலைமேல் மடம் கட்டியவரைப் பற்றி. அந்த ஊர் இன்று நோர்ச்சா என்று அழைக்கப்படுகிறது.

அவர் வாழ்க்கை பற்றிய செய்திகள் எங்கிருந்து கிடைக்கின்றன?

அநேகமாக எல்லாமே ஒரே நூலிலிருந்து வருகின்றன. திருத்தந்தை பெரிய கிரகோரியார் 593–594இல் எழுதிய 'உரையாடல்கள்' நூலின் இரண்டாம் பகுதி முழுவதும் ஆசீர்வாதப்பரைப் பற்றியது. அவர் இறந்து ஐம்பது ஆண்டுக்குள் எழுதப்பட்டது. தமக்குச் செய்தி சொன்ன நான்கு சீடர்களின் பெயரைக் கிரகோரியார் தொடக்கத்திலேயே தந்துவிடுகிறார். அவர்களில் ஒருவர் கொன்ஸ்தாந்தீனுஸ், ஆசீர்வாதப்பருக்குப் பின் மோந்தே கசீனோவின் தலைவரானவர்.

கிரகோரியார் புதுமைகளை, அதாவது அற்புதங்களைச் சொல்கிறார், ஆண்டுகளைச் சொல்வதில்லை. ஆகவே 480இல் பிறப்பு, 529இல் மோந்தே கசீனோ, 547 மார்ச் 21இல் இறப்பு என்று எல்லா இடத்திலும் காணும் தேதிகள் மரபாக வந்தவை. காலத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி கிடைக்கிறது: 541 முதல் 552 வரை ஆண்ட கோத்தியர் அரசன் தொத்திலா அவரைப் பார்க்க வந்தது. முதலில் தன் வாள்வீரன் ரிக்கோவுக்கு அரச உடை உடுத்தி அனுப்பிச் சோதித்தானாம். "மகனே, நீ உடுத்தியிருப்பதைக் கழற்று, அது உன்னுடையதல்ல" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டார் ஆசீர்வாதப்பர். 540களில் அவர் உயிரோடு இருந்தார் என்பது இதனால் உறுதி.

சுருக்கமாக அவர் வாழ்க்கை?

படிக்க ரோமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே உடன் படித்தவர்களின் போக்கைப் பார்த்துப் படிப்பை விட்டு வெளியேறினார். கூட வந்தது அவரை வளர்த்த செவிலித்தாய். எம்பிதே என்ற சிற்றூரில் அந்த அம்மாள் இரவல் வாங்கிய, கோதுமை சுத்தம் செய்யும் தட்டு உடைந்துபோக, அவர் செபித்ததும் அது ஒட்டிக்கொண்டது. கிரகோரியார் சொல்லும் முதல் புதுமை இதுதான். ஊரார் புகழத் தொடங்கியதும், செவிலியிடம்கூடச் சொல்லாமல் சுபியாக்கோ மலைக்குப் போய் ஒரு குகையில் மூன்று ஆண்டுகள் தனியாக இருந்தார். ரோமானுஸ் என்ற துறவி தம் பங்கு அப்பத்தில் மிச்சம் பிடித்து, மணி கட்டிய கயிற்றில் மேலிருந்து இறக்குவார்.

பிறகு பக்கத்து மடத்தார் வந்து தலைவராக இருக்கும்படி வேண்டினார்கள். அவர் கண்டிப்பைத் தாங்க முடியாமல் அவர்களே திராட்சை இரசத்தில் நஞ்சு கலந்தார்கள். அவர் சிலுவை அடையாளம் வரைந்ததும் கிண்ணம் உடைந்தது. கோபமில்லாமல் எழுந்து குகைக்கே திரும்பிவிட்டார். சுபியாக்கோவில் சீடர்கள் பெருகவே, மடத்துக்கு 12 பேராக 12 மடங்களை அமைத்தார். புளோரன்சியுஸ் என்ற குரு பொறாமையால் நஞ்சு வைத்த அப்பம் அனுப்ப, அதை ஒரு காகம் தூக்கிக்கொண்டு போனது. தம்மால் சீடர்களுக்கு ஆபத்து வேண்டாம் என்று இடம் பெயர்ந்தார். மோந்தே கசீனோ மலை உச்சியில் அப்போதும் அப்போலோ கோவில் இருந்தது. அதை அகற்றி, புனித மார்ட்டினுக்கும் திருமுழுக்கு யோவானுக்கும் சிற்றாலயங்கள் எழுப்பி, இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

நஞ்சுக் கிண்ணக் கதையை வெறும் புதுமையாக வாசித்துக் கடந்துபோவது வருத்தமான விஷயம். மற்றவர்களால் தாங்க முடியாத கண்டிப்போடு தொடங்கியவர்தான், முதுமையில் உலகமே அளவுக்கும் நிதானத்துக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் ஒழுங்கை எழுதினார். இடையில் அவர் கற்றுக்கொண்டது என்ன என்று அவர் எங்கும் எழுதவில்லை. ஒழுங்கின் ஒவ்வொரு அதிகாரத்திலும் அது தெரிகிறது.

அவர் குருவாக இருந்தாரா?

குருத்துவம் பெற்றதற்கு எந்தச் சான்றும் இல்லை. மடத்தில் சேரும் குருவுக்குத் தனிச் சலுகை எதுவும் எதிர்பார்க்கக் கூடாது என்று ஒழுங்கின் 60ஆம் அதிகாரம் சொல்கிறது.

ஸ்கொலாஸ்திக்கா யார்?

அவருடைய தங்கை அல்லது அக்காள். இரட்டையர் என்பது பின்னால் வந்த மரபு. கிரகோரியார் சகோதரி என்று மட்டுமே சொல்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை மடத்துக்கு வெளியே ஒரு வீட்டில் சந்திப்பார்கள். கடைசிச் சந்திப்பில், "இன்று இரவு முழுவதும் இறைவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்" என்று சகோதரி கேட்டார். மடத்துக்கு வெளியே தங்கக் கூடாதென்று ஆசீர்வாதப்பர் மறுத்தார். சகோதரி மேசைமேல் தலை கவிழ்த்துச் செபித்ததும், தெளிந்த வானம் இடி மழையாகக் கொட்டியது. "என்ன காரியம் செய்தாய்!" "உன்னிடம் கேட்டேன், நீ கேட்கவில்லை. ஆண்டவரிடம் கேட்டேன், அவர் கேட்டார்." இருவரும் விடிய விடியப் பேசினார்கள். மூன்றாம் நாள் ஸ்கொலாஸ்திக்கா இறந்தார். அன்பு அதிகமாக இருந்ததால் அவரால் அதிகம் செய்ய முடிந்தது என்கிறார் கிரகோரியார். ஒழுங்கை எழுதியவரே ஒழுங்கு விஷயத்தில் சகோதரியிடம் தோற்ற இந்தப் பக்கத்தைக் கிரகோரியார் மறைக்காமல் எழுதியது பெரிய காரியம். ஸ்கொலாஸ்திக்காவின் திருநாள் பிப்ரவரி 10.

'ஒழுங்கு' என்பது என்ன? எவ்வளவு பெரிய நூல்?

முகவுரையும் 73 அதிகாரங்களும் கொண்ட சிறு நூல். ஒரு மாலையில் வாசித்து முடிக்கலாம். முதல் சொல் 'கேள்', அதாவது 'செவிகொடு, மகனே'. 4ஆம் அதிகாரம் நற்செயல்களின் கருவிகளைப் பட்டியலிடுகிறது. 7ஆம் அதிகாரம் தாழ்ச்சியின் 12 படிகள். 8 முதல் 20 வரை, நாளின் பல வேளைகளில் சொல்லும் செபமான திருப்புகழ்மாலை. பிறகு உணவு, உடை, உறக்கம், தண்டனை, விருந்தினர், கதவுக்காரர், கைத்தொழில் என்று அன்றாட விவரங்கள். கடைசி அதிகாரத்தில் இதைத் 'தொடக்கநிலையினருக்கான சிறு ஒழுங்கு' என்று அவரே அடக்கமாகச் சொல்லிவிடுகிறார்.

முழுவதும் அவருடைய சொந்தச் சரக்கா என்றால், இல்லை. 'ஆசானின் ஒழுங்கு' எனப்படும், எழுதியவர் பெயர் தெரியாத ஒரு பழைய நூலிலிருந்து முகவுரையின் பெரும்பகுதியும் முதல் ஏழு அதிகாரங்களில் நிறையவும் எடுக்கப்பட்டவை. இது அவர் மதிப்பைக் குறைப்பதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவர் எதை வெட்டினார், எதைச் சேர்த்தார் என்பது விளங்கும். ஆசானின் நூல் மூன்று மடங்கு நீளம், சந்தேகப் பார்வை அதிகம். ஆசீர்வாதப்பர் கண்காணிப்பைக் குறைத்து, ஒருவருக்கொருவர் காட்டும் அன்பைச் சேர்த்தார். 72ஆம் அதிகாரம் அவருக்கே உரியது.

மூல ஏடு எங்கே?

எரிந்துபோனது. 580 வாக்கில் லொம்பார்தியர் மோந்தே கசீனோவை அழித்தபோது, தப்பி ரோமுக்கு ஓடிய துறவிகள் கையில் எடுத்துச் சென்றவற்றில் மூன்று பொருள்களைப் பழைய வரலாறு குறிப்பிடுகிறது: ஒழுங்கின் ஏடு, அப்பத்தின் எடைக்கல், திராட்சை இரசத்தின் அளவுப் பாத்திரம். உயிர் தப்பும் நேரத்தில் எடைக்கல்லையும் படியையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அளவு என்பது இவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எட்டாம் நூற்றாண்டில் ஏடு மலைக்குத் திரும்பியது. 883இல் சரசேனியர் மடத்தை எரித்ததும் தெயானோ நகருக்குக் கொண்டுபோகப்பட்டது. 896இல் அங்கே நேர்ந்த தீயில் அழிந்தது. நல்ல வேளையாக, பேரரசர் சார்லமேன் அதற்கு முன்பே ஒரு படி எடுக்க வைத்திருந்தார். அந்தப் படியைப் பார்த்து எழுதப்பட்ட ஏடு சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் நூலகத்தில் 914 என்ற எண்ணோடு இருக்கிறது. இன்றைய பதிப்புகளுக்கு அதுவே அடிப்படை.

மடத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்?

முதலில் அவர்களுடைய மணிக்கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் நாழிகை எப்போதும் 24 நிமிடம், மாறாது. ரோமையர் கணக்கு அப்படியல்ல. சூரியன் உதித்து மறையும் வரை உள்ள பொழுதை 12 ஆகப் பிரிப்பார்கள். கோடையில் பகல் நீளம் என்பதால் அங்கே ஒரு 'மணி' ஏறக்குறைய 75 நிமிடம், நடுக்குளிர்காலத்தில் 45 நிமிடம்தான். இதைக் கவனிக்காமல் 'ஆறாம் மணி' என்பதைக் காலை ஆறு என்று வாசிப்பது சாதாரணமாக நடக்கும் தவறு. ஆறாம் மணி என்றால் நண்பகல், ஒன்பதாம் மணி என்றால் பிற்பகல் நடுப்பகுதி.

குளிர்காலத்தில் இரவின் எட்டாம் மணிக்கு, நம் கணக்கில் அதிகாலை இரண்டு மணி வாக்கில், எழுவார்கள். பாதி இரவுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தூங்கினால் உண்டது செரித்திருக்கும் என்று காரணமும் சொல்கிறார். உடுத்திய உடையோடு, இடுப்புக் கச்சையோடு தூங்க வேண்டும். கத்தியை மட்டும் கழற்றி வைத்துவிட வேண்டும், தூக்கத்தில் கீறிக்கொள்ளாமல் இருக்க. எழுப்பும்போது தூக்கக்கலக்கத்தில் இருப்பவர்களை ஒருவரையொருவர் மெதுவாகத் தட்டிக்கொடுத்து எழுப்ப வேண்டும்.

இரவுத் திருவிழிப்புக்குப் பிறகு பகலில் ஏழு முறை செபம். வாரத்துக்குள் 150 திருப்பாடல்களும் முடிய வேண்டும். எந்தத் திருப்பாடல் எப்போது என்று விரிவாக வகுத்துவிட்டு, இந்த வரிசை பிடிக்காதவர் வேறு வரிசை வைத்துக்கொள்ளட்டும், 150 மட்டும் குறையக் கூடாது என்று முடிக்கிறார்.

கோடையில் காலை முதல் நான்காம் மணி வரை வேலை. நான்கிலிருந்து ஆறு வரை வாசிப்பு. உணவுக்குப் பின் மதியத் தூக்கம். தூங்காமல் படிக்க விரும்புபவர் மற்றவருக்குத் தொந்தரவில்லாமல் படிக்கலாம். பிறகு மாலைப் புகழ் வரை மீண்டும் வேலை. குளிர்காலத்தில் காலையில் வாசிப்பு, பிறகு ஒன்பதாம் மணி வரை வேலை. தவக்காலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் கொடுக்கப்படும், அதை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்க வேண்டும். வாசிப்பு நேரத்தில் யாராவது அரட்டை அடிக்கிறார்களா என்று பார்க்க மூத்தவர் ஓரிருவர் சுற்றி வருவார்கள். ஆட்கள் மாறவே இல்லை போலும்.

சாப்பாடு?

39, 40 அதிகாரங்கள் இதைத் துல்லியமாகச் சொல்கின்றன. தினமும் இரண்டு சமைத்த பதார்த்தங்கள். ஏன் இரண்டு? ஒன்று ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதைச் சாப்பிடலாம் என்பதற்காக. பழமோ இளங்காய்கறியோ கிடைத்தால் மூன்றாவது. அப்பம் நாளுக்கு ஒரு இராத்தல். ரோமை இராத்தல் சுமார் 327 கிராம், ஆனால் மடத்து இராத்தல் அதைவிடப் பெரியது என்று வாதிடுபவர்களும் உண்டு. இரவு உணவு உள்ள நாளில் அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவைக்க வேண்டும். கடும் வேலை இருந்தால் தலைவர் கூட்டிக் கொடுக்கலாம். நாற்கால் விலங்கின் இறைச்சி மிகவும் பலவீனமான நோயாளிக்கு மட்டும்.

திராட்சை இரசம் ஒரு 'ஹெமினா', சுமார் கால் லிட்டர். துறவிக்கு மது ஆகவே ஆகாது என்று படிக்கிறோம், ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்க வைக்க முடியாது, ஆகவே மட்டாகவாவது குடிப்போம் என்று எழுதுகிறார். கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் கடவுளைப் புகழட்டும், முணுமுணுக்க வேண்டாம். முணுமுணுப்பு ஒன்றைத்தான் அவர் திரும்பத் திரும்பத் துரத்துகிறார்.

சமையல் முறை வாரத்துக்கு ஒருவர். சனிக்கிழமை முறை முடிப்பவர் துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல் உக்கிராணப் பொறுப்பாளரிடம் எண்ணி ஒப்படைக்க வேண்டும். முறை முடிப்பவரும் முறை ஏற்பவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவுவார்கள். பரிமாறுபவருக்குச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கொஞ்சம் அப்பமும் குடிக்கவும் தர வேண்டும், வழக்கமான பங்குக்கு மேலாக. வயிறு காய்ந்தவன் முணுமுணுக்காமல் பரிமாற முடியாது என்று அவருக்குத் தெரியும். உக்கிராணத்துப் பாத்திரமும் கருவியும் பீடத்துத் திருக்கலங்களைப் போலப் பேணப்பட வேண்டும் என்பதும் இவர் வாக்கே.

ஒழுங்கு கடுமையானதா, மென்மையானதா?

இரண்டும் உண்டு. சொந்தமாக ஒரு எழுத்தாணிகூட வைத்துக்கொள்ளக் கூடாது. பெரிய தவறுக்குப் பொது மேசையிலிருந்து விலக்கம். சிறுவர்களுக்கும் திருந்தாதவர்களுக்கும் அடி உண்டு. பெற்றோர் பச்சைப் பிள்ளையை மடத்துக்கு ஒப்புக்கொடுக்கும் வழக்கத்துக்கு ஒரு தனி அதிகாரமே இருக்கிறது. இவற்றை மழுப்பிச் சொல்லத் தேவையில்லை. ஆறாம் நூற்றாண்டு அப்படி இருந்தது. இன்று எந்த மடத்திலும் இவை நடைமுறையில் இல்லை.

ஆனால் விலகிப்போனவனை மூன்று முறை வரை திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னவரும் இவர்தான். தலைவரைப் பற்றிய 64ஆம் அதிகாரம்தான் நூலின் இதயம் என்று சொல்வோம். துருவைச் சுரண்டும் வேகத்தில் பாத்திரத்தை உடைத்துவிடாதே. நெரிந்த நாணலை முறிக்காதே. மந்தையை அளவுக்கு மீறி ஓட்டினால் எல்லாம் ஒரே நாளில் செத்துப்போகும் என்ற யாக்கோபின் பேச்சை நினைவில் வை. வலியவர் இன்னும் ஆசைப்பட ஏதாவது இருக்க வேண்டும், மெலியவர் பயந்து ஓட எதுவும் இருக்கக் கூடாது. முக்கியமான காரியத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்கிறது 3ஆம் அதிகாரம், ஏனென்றால் நல்ல யோசனையை ஆண்டவர் பலமுறை இளையவனுக்கே வெளிப்படுத்துகிறார்.

மடத்தில் சேர என்ன வழி?

58ஆம் அதிகாரத்தின்படி, வந்தவுடன் கதவு திறக்காது. நான்கைந்து நாள் வாசலில் நின்று தட்ட வேண்டும். பிறகு சில நாள் விருந்தினர் அறை, அதன்பின் நவதுறவியர் இல்லம். இரண்டு மாதம் கழித்து ஒழுங்கு முழுவதும் வாசித்துக் காட்டப்படும்: "இதுதான் சட்டம். காக்க முடிந்தால் வா, முடியாவிட்டால் தடையின்றிப் போ." ஆறு மாதம் கழித்து மீண்டும் வாசிப்பு, இன்னும் நான்கு மாதம் கழித்து மீண்டும். ஆக 12 மாதம். வார்த்தைப்பாடு மூன்று: அதே மடத்தில் நிலைத்திருத்தல், வாழ்க்கை மாற்றம், கீழ்ப்படிதல். கற்பும் ஏழ்மையும் தனியாகச் சொல்லப்படுவதில்லை, அவை வாழ்க்கை மாற்றத்துக்குள் அடங்கும். கழற்றிய பழைய உடையை எறிந்துவிடாமல் அறையில் பத்திரமாக வைப்பார்கள், ஒருவேளை போக நேர்ந்தால் கொடுக்க.

இன்று திருச்சபைச் சட்டப்படி காலம் இதைவிட நீளம்: நவதுறவுக்குப் பின் குறைந்தது மூன்றாண்டு தற்காலிக வார்த்தைப்பாடு, அதற்குப் பிறகே இறுதி வார்த்தைப்பாடு. குடும்பத்தில் இருப்பவர்கள் ஒரு குறிப்பிட்ட மடத்தோடு இணைந்து 'ஒப்லாத்து' ஆகலாம். பொதுவாக ஓராண்டுப் பயிற்சி இருக்கும். மடத்தோடு பழகாமல் தபாலில் சேர்ந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் சீக்கிரமே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் இது ஒரு இடத்தோடு உள்ள உறவு.

'செபி, உழை' என்பது அவர் சொன்னதா?

'ஓரா எத் லபோரா' என்ற தொடர் ஒழுங்கில் எங்கும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பரவலான முத்திரை வாக்கியம் அது. வாசிப்பு அதில் விடுபட்டுப்போவதுதான் குறை. ஒழுங்கின்படி செபம், உழைப்பு, வாசிப்பு மூன்றும் சேர்ந்தால்தான் நாள் நிறையும். அவர் உண்மையில் எழுதியது 48ஆம் அதிகாரத்தின் முதல் வரி: சோம்பல் ஆன்மாவின் பகைவன்.

பெனடிக்ட் சபையை அவர்தான் நிறுவினாரா?

இல்லை. அவர் நிறுவியது தனித்தனி மடங்களை. நூற்றாண்டுகள் கழிந்து, 816–817இல் ஆகன் நகரில் கூடிய மாமன்றங்களின் வழியாக, பேரரசர் லூயியும் அனியான் பெனடிக்ட்டும் பேரரசின் மடங்களுக்கெல்லாம் இந்த ஒழுங்கைப் பொதுவாக்கினார்கள். 910இல் க்ளூனி, 11ஆம் நூற்றாண்டில் ரொமுவால்தின் கமால்தொலி, 1098இல் சித்தோ, 1231இல் சில்வெஸ்தர் தொடங்கிய மடம் எல்லாம் இதே ஒழுங்கிலிருந்து கிளைத்தவை. பெண் துறவியர் மடங்களும் அப்படியே. பிங்கனின் ஹில்டகார்ட் இந்த ஒழுங்கில் வளர்ந்தவர். மடங்களை ஒரு கூட்டமைப்பாக இணைத்தது 1893இல், திருத்தந்தை 13ஆம் லியோ. இன்றும் ஒவ்வொரு மடமும் தன் ஆதீனத் தலைவரின் கீழ் தன்னாட்சியோடுதான் இருக்கிறது.

மோந்தே கசீனோ இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது, நான்கு அழிவுக்குப் பிறகும். லொம்பார்தியர், 883 சரசேனியர், 1349 நிலநடுக்கம், கடைசியாக 1944 பிப்ரவரி 15 நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சு. ஜெர்மன் படை மடத்துக்குள் இருப்பதாக நினைத்துக் குண்டு போட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் துறவிகளும் அடைக்கலம் தேடி வந்த ஊர் மக்களும்தான். இடிபாடுகளான பிறகே ஜெர்மானியர் அதைக் கோட்டையாக்கினார்கள். அதன்பின் நடந்த தாக்குதலில் 4ஆவது இந்தியப் படைப்பிரிவும் இருந்தது. கசீனோ போர்க் கல்லறைத் தோட்டத்தில் இந்திய வீரர்களும் நினைவுகூரப்படுகிறார்கள். நூலகத்தின் ஏடுகள் முன்பே ரோமுக்கு மாற்றப்பட்டதால் பிழைத்தன. பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்ட ஆலயத்தை 1964 அக்டோபர் 24 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அபிஷேகம் செய்து, ஆசீர்வாதப்பரை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார்.

அவர் பிறந்த நோர்ச்சாவில் இருந்த பேராலயம் 2016 அக்டோபர் 30 நிலநடுக்கத்தில் இடிந்தது. முகப்புச் சுவர் நின்றது.

திருநாள் மார்ச் 21ஆ, ஜூலை 11ஆ?

இறந்த நாள் மார்ச் 21. அது எப்போதும் தவக்காலத்தில் அல்லது பாஸ்காவை ஒட்டி விழுவதால், 1969இல் நாட்காட்டி திருத்தப்பட்டபோது பொதுத் திருநாள் ஜூலை 11க்கு மாறியது. ஆசீர்வாதப்பர் சபையினர் மார்ச் 21ஐயும் அவருடைய கடந்துபோதலின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அவர் இறந்தது நின்றபடி என்கிறார் கிரகோரியார்: சீடர்கள் தாங்கிப் பிடிக்க, கைகளை வானுக்கு உயர்த்தி.

திருப்பண்டம் எங்கே?

மோந்தே கசீனோ, பிரான்சின் புளோரி மடம் இரண்டும் தங்களிடம் இருப்பதாகச் சொல்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் எலும்புகள் புளோரிக்குக் கொண்டுபோகப்பட்டன என்பது பிரெஞ்சு மரபு. ஜூலை 11 முதலில் அந்த இடமாற்றத்தின் நினைவுநாள்தான்.

ஆசீர்வாதப்பர் பதக்கத்தின் எழுத்துகளை எப்படி வாசிப்பது?

இன்று பரவலாக உள்ள வடிவம் 1880இல் அவர் பிறப்பின் 1400ஆம் ஆண்டுக்கு அடிக்கப்பட்டது. முன்பக்கம்: வலக்கையில் சிலுவை, இடக்கையில் ஒழுங்கு நூல், ஒருபுறம் உடைந்த கிண்ணம், மறுபுறம் அப்பத்தோடு காகம். சுற்றியுள்ள வாசகத்தின் பொருள், 'நம் மரண வேளையில் அவர் உடனிருப்பு நம்மைக் காப்பதாக'.

பின்பக்கம் நடுவில் சிலுவை. நெடுக்குக் கட்டையின் ஐந்து எழுத்து, 'திருச்சிலுவை எனக்கு ஒளியாகுக'. குறுக்குக் கட்டையின் ஐந்து எழுத்து, 'அலகை எனக்கு வழிகாட்டி ஆகாதிருக்க'. மூலைகளில் உள்ள நான்கு, 'புனித தந்தை ஆசீர்வாதப்பரின் சிலுவை'. உச்சியில் 'பாக்ஸ்', அதாவது சமாதானம். விளிம்பை மேலே வலப்புறத்தில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் வாசிக்க வேண்டும்: 'அகன்று போ சாத்தானே, வீணானவற்றை எனக்குத் தூண்டாதே, நீ ஊற்றுவது தீயது, நஞ்சை நீயே குடி.' இந்த எழுத்துகளின் பொருள் மறந்துபோயிருந்தது. 1647இல் பவேரியாவின் மெத்தன் மடத்தில் ஒரு பழைய ஏட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

பதக்கத்தை எந்தக் குருவும் மந்திரிக்கலாம், அதாவது ஆசீர்வதிக்கலாம். கழுத்தில் அணியலாம், வீட்டு வாசலில் பதிக்கலாம். தாயத்துப் போல நினைத்து, செபமும் மனமாற்றமும் இல்லாமல் உலோகம் காக்கும் என்று நம்புவது திருச்சபையின் போதனை அல்ல. எழுத்துகள் எல்லாமே மன்றாட்டு. சொல்லாத மன்றாட்டுக்குப் பதக்கம் வெறும் எழுத்துத் தட்டு.

தமிழகத்திலும் இலங்கையிலும் இவர் ஒழுங்கு உண்டா?

உண்டு. குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் உள்ள சச்சிதானந்த ஆசிரமம், சாந்திவனம் என்று மக்கள் அறிந்தது, 1950 மார்ச் 21 அன்று, இவருடைய திருநாளிலேயே தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் பிரெஞ்சுக் குரு ஜூல்ஸ் மொன்ஷனேனும், பிரெஞ்சு பெனடிக்ட் துறவி ஹென்றி லெ சோ என்ற அபிஷிக்தானந்தரும். 1968இல் பொறுப்பேற்ற பீட் கிரிஃபித்ஸ் காலத்தில், 1980களில், கமால்தொலி குடும்பத்தோடு இணைந்தது. இலங்கைக்கு 1845இல் வந்த சில்வெஸ்தர் பெனடிக்டினர் கண்டியில் வேரூன்றினார்கள். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியை 1854இல் தொடங்கியவர்கள் அவர்களே. முத்தையா முரளிதரன் படித்தது அங்கேதான்.

ஒழுங்கை எப்படி வாசிக்கத் தொடங்குவது?

மடங்களில் ஆண்டுக்கு மூன்று சுற்று வாசிக்கிறார்கள்: ஜனவரி 1, மே 2, செப்டம்பர் 1 தொடங்கி, நாளுக்கு ஒரு சிறு பகுதி. இரண்டு மூன்று நிமிடம் போதும். முதல்முறை வாசிப்பவர் நேராகப் போனால் 8 முதல் 18 வரையிலான திருப்பாடல் அட்டவணையில் சலித்து நிறுத்திவிடுவார். ஆகவே முதலில் முகவுரை, 4, 31, 35 முதல் 37, 53, 64, 72 அதிகாரங்களை வாசியுங்கள். பிறகு முதலிலிருந்து முழுவதும்.

திருப்பாடல் எண்ணில் இடறாதீர்கள். ஒழுங்கு பின்பற்றுவது பழைய லத்தீன் எண். நம் தமிழ் விவிலியத்தில் பெரும்பாலும் ஒன்று கூடும்: அவர் 50 என்றால் நமக்கு 51, 94 என்றால் 95, 118 என்றால் 119. இரவு செபத்துக்கு அவர் தரும் 4, 90, 133 நமக்கு 4, 91, 134. 148 முதல் 150 வரை எண் மாறுவதில்லை.

இதோடு இறைவார்த்தை வாசிப்பையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால் தினமும் 20 நிமிடம் ஒதுக்குங்கள். பத்து வசனத்துக்கு மேல் வேண்டாம். வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். மனத்தில் தைக்கும் சொல் வந்ததும் நின்று, அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அது எழுப்பும் நன்றியோ மன்னிப்போ வேண்டுதலோ, அதை அப்படியே செபமாக்குங்கள். கடைசி ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். இந்த நான்கு படிகளை வகுத்துத் தந்தவர் 12ஆம் நூற்றாண்டுக் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ; ஆசீர்வாதப்பர் அதற்கு நேரத்தை ஒதுக்கித் தந்தார். பெரும்பாலும் தவறுவது இரண்டு இடத்தில்: ஒரு அதிகாரம் முழுவதையும் முடித்துவிட நினைப்பது, மற்றவர்களுக்குச் சொல்லக் குறிப்பு எடுக்கத் தொடங்குவது. எதுவும் தைக்காத நாளில் கடைசி வசனத்தையே வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுங்கள்.